பத்தாவது கேள்விக்கு நான் எழுதிய பதில்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. நான் மனநல ஆலோசகர். பிள்ளை பெற்றபின் மனச்சோர்வில் தவிக்கும் பெண்களைப் பார்க்கிறேன்.

2

அன்று ஆழ்வார்பேட்டையில் மழை கொட்டிக்கொண்டிருந்த

(வேண்டாம். மழையே இல்லை. வெட்கத்தை மறைக்க வரவழைத்தேன்.)

மூன்று மாதக் குழந்தையோடு வர்ஷினி வந்தாள். மயிலாப்பூரிலிருந்து அவள் அம்மா கோமளமும் கூடவே வந்தார். எங்களிடம் பத்துக் கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உண்டு. ஒன்பதைக் கேட்டுவிட்டேன். பத்தாவது, தன்னையே ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மற்ற ஒன்பதையும் விட்டாலும் இதை விடக் கூடாது.

கோமளம் எட்டித் தாளைப் பார்த்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா, குழந்தைய மடியில வச்சிண்டு அந்தப் பேச்செல்லாம் வேண்டாமே. நீயும் நம்மவாதானே, தெரியாதா?"

தெரியும். அதுதான் வினை. கேட்காமலே 'ஒருபோதும் இல்லை' என்பதை வட்டமிட்டேன். வர்ஷினி என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

3

கோமளத்தை வில்லியாக்கி ஒரு பத்தி எழுதிக் கிழித்துவிட்டேன். பேனா என் கையில்தானே இருந்தது. அடுத்த மூன்று வாரமும் வர்ஷினி தனியாகத்தான் வந்தாள். கேட்டால் பழைய வட்டம் பொய்யென்று ஆகிவிடும். அதனால் கேட்கவில்லை. இதை எழுதவே கூசுகிறது.

4

நான்காம் வாரம், கிளம்பும்போது சொன்னாள்: "தடுப்பூசி தேதி, பால் பவுடர் அளவு எல்லாம் எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டேன் மேடம். நான் இல்லேன்னாலும் அம்மா பாத்துப்பா."

"வெரி குட்" என்றேன். தினம் ஒரு சின்ன வேலை செய்யச் சொல்லியிருந்தேன்; செய்துவிட்டாளே என்று சந்தோஷம்.

ராஜா அண்ணாமலைபுரம் சிக்னலில் ஆட்டோ நின்றபோதுதான் அவள் சொன்னது உறைத்தது. வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டுப் போன் செய்தேன்.

5

முடிவு அ: அவள் எடுக்கவில்லை. (எழுதிப் பார்த்தேன். தாங்கவில்லை.)

முடிவு ஆ: எடுத்தாள், சிரித்தாள், ஒன்றுமில்லை என்றாள். (எனக்கு வசதியான முடிவு. நம்பாதீர்கள்.)

நடந்தது: எடுத்தாள். பத்தாவது கேள்வியைக் கேட்டேன். சிணுங்கிய குழந்தையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே பேசினாள்.

"அன்னிக்கே கேட்டிருக்கலாமே மேடம். நீங்களே வட்டம் போட்டுட்டேள். சரி, அதைச் சொல்லக் கூடாது போலிருக்குன்னு நெனச்சுண்டேன்."

"தப்பு என்னோடதும்மா. உங்காத்துக்குத்தான் வந்துண்டிருக்கேன். இப்பச் சொல்லு."

சொன்னாள்.

என்ன சொன்னாள் என்று என்னிடம் கேட்காதீர்கள். ஒருமுறை அவளுக்காகப் பதில் எழுதியவள் நான்.