இரண்டாவது குளிசை

மனைவி மஸூதா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் மூன்றாவது வருஷம் நடந்தது. ஒரே மகள் நிப்லா கல்யாணம் கட்டி கலேவெலவில் இருந்தாள். அலுவிகாரையில் வீட்டோடு ஒட்டிய சில்லறைக் கடையையும், சமையலையும், துவைப்பதையும் ஜுனைதீன் தனியாகத்தான் பார்த்துக்கொண்டார்.

அந்த வருஷம் அவர் உடம்பு ஊதத் தொடங்கியது. பகலிலேயே கண் சொருகியது. வெயிலிலும் குளிர்ந்தது. ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்து, தைரொயிட் சுரப்பது குறைந்துவிட்டது என்றார்கள். விடிந்ததும் வெறும் வயிற்றில் விழுங்க ஒரு குளிசை கொடுத்தார்கள். கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருந்தபோது அவரைச் சுற்றி எல்லாரும் பெண்கள். “வைஃபுக்கு நம்பர் எடுக்கவா வந்தீங்க?” என்று ஒருத்தி கேட்டாள். வெட்கத்தில் ஆமாம் என்று தலையாட்டிவிட்டார்.

“குவைத் சல்லி நானாவுக்கு நல்லா ஒட்டுது,” என்று, மனைவி அனுப்பும் காசில் அவர் கொழுத்ததாகக் கடைக்கு வருகிறவர்கள் சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்தார். போனில் முகம் பார்த்துப் பேசும்போது மஸூதாவும் அதையேதான் சொன்னாள்.

“நான் இல்லாம நல்லா சாப்பிடுறீங்க போல.”

நோய் என்று சொல்ல வாய் வரவில்லை. யார் வீட்டுக் குசினியிலோ அடுப்பருகே நின்றுகொண்டு அவள் அழுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு லீவில் வருவதாக அவள் சொன்ன அன்றிலிருந்து, அதற்குள் மெலிந்துவிட வேண்டும் என்று அவருக்குப் பிடிவாதம் வந்தது. ஒரு குளிசை மெதுவாகக் குறைத்தால் இரண்டு சீக்கிரம் குறைக்கும் என்று தானாகவே முடிவெடுத்தார். இரவுச் சாப்பாட்டையும் விட்டார். ஏன் என்று கேட்க வீட்டில் ஆளில்லை.

இடுப்பு பெல்ட் தளர்ந்தது. சந்தோஷப்பட்டார். பிறகு பருப்பு நிறுக்கும்போது கை நடுங்கியது. படுத்தால் தூக்கம் வரவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது. ஒருநாள் காலை அரிசி மூட்டையை இழுத்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சீனி வாங்க வந்த பர்ஸானாதான் அவரை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.

டொக்டர் ஷிரானி, இரத்த ரிப்போர்ட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எத்தனை குளிசை போடுறீங்க?”

“ஒன்னுதான்... ரெண்டு, டொக்டர். மெலியணும்னு.”

“இது மெலியிறதுக்கான மருந்து இல்ல. உங்க உடம்புல கொறையிறத ஈடு கட்டுறதுக்கு. கூடப் போட்டா இதயம் கெட்டுப் போயிரும். நான் சொல்ற அளவு மட்டும் போடுங்க. அரை மணித்தியாலம் கழிச்சுத்தான் டீ. பட்டினி கெடக்க வேணாம். சோத்தக் கொறச்சு மரக்கறியும் மீனும் கூட்டிக்கங்க. படபடப்பு நின்னதும் நடங்க. மெதுவாத்தான் எறங்கும். மெதுவா எறங்கினாத்தான் நல்லது.” பிறகு கேட்டார்: “இந்தத் தைரொயிட் வருத்தம் வீட்டுல யாருக்குத் தெரியும்?”

ஜுனைதீன் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நெஞ்சு அடங்கியபின் மாலையில் அஸர் தொழுதுவிட்டு கடையைச் சாத்தி நடக்கத் தொடங்கினார். ஜோடியாக நடக்கிறவர்களுக்கு வழிவிட்டு ஓரமாகப் போவார். தராசில் ஏறினால் முள் அசைந்த மாதிரியே இராது. மறுபடியும் இரத்தம் சோதித்தபோது அளவு சரியாக இருந்தது. முகத்தின் வீக்கமும் வடிந்திருந்தது.

பெருநாள் நெருங்கும்போது மஸூதாவிடமிருந்து அழைப்பு வந்தது. வேலை வீட்டு மேடம் லீவு தரவில்லை. இன்னும் ஒரு வருஷம்.

“கோவமா?” என்றாள்.

“இல்ல.” யாருக்காக இவ்வளவு பாடுபட்டோம் என்று நினைத்தார். ஒளித்துவைக்க இனி ஒன்றும் இல்லை என்றும் தோன்றியது. “மஸூதா, எனக்குத் தைரொயிட். மருந்து கூடிப் போய் விழுந்தும் கெடந்தேன். இப்ப சொகம்.”

பின்னால் யாரோ அரபியில் அவளைக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை.

“கிளினிக்குக்குத் தனியாவா போனீங்க?”

“வேற யாரு இருக்கா?”

“அடுத்த முறை போகக்கொள்ள எனக்குப் போன்ல கோல் எடுங்க. வாங்குல குந்தியிருக்கும்போதே எடுங்க,” என்றாள். அதற்குள் மறுபடியும் கூப்பிட்டார்கள். திரை அணைந்தது.

ஜுனைதீன் எழுந்து போய், இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி களைந்தார்.