முனியனின் கால் பெருவிரல்

“எங்க நைனா கால் பெருவிரலு கீதே, அது தாளம் போட்டா தப்பவே தப்பாது. எங்க ஸ்கூல் டான்ஸ் டீச்சரே தோத்துப்பூடுவாங்க.”

பேபி இதைச் சொன்னது அப்பாவின் இரண்டு பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டியபடியே. முனியன் பெஞ்சில் நீட்டிக் கிடந்தார். விடிகாலையில் டீ குடிக்க உட்கார்ந்தவர், டீயை முடிக்காமலே போய்விட்டார்.

சித்தப்பா பூங்காவனம் வாசல் பக்கம் திரும்பித் துப்பினார்.

“த்தூ! பொணத்தாண்ட குந்திகினு இன்னா பேச்சுடி இது? எங்கண்ணன் காலு தாளம் போட்ச்சா? உன்க்கு மூள கலங்கிப்பூச்சா?”

நம்பாதது அவர் குற்றமில்லை. நெமிலிச்சேரியில் ஒரு நாய்கூட நம்பியிருக்காது. எண்பத்தெட்டில் பள்ளியில் நாட்டியத்தைப் புதிதாகப் பாடமாக வைத்தார்கள். பதினொன்றாம் வகுப்பில் பேபி அதை எடுத்த நாளிலிருந்து முனியன் துப்பிய எச்சிலை மட்டும் தேக்கி வைத்திருந்தால், ஆவடி வரைக்கும் மூன்று போகம் விளைந்திருக்கும்.

“குதிக்கிறதுக்கு மார்க்கா? த்தூ! நாளைக்கு கொட்டாவி வுடறதுக்கும் மார்க் போடுவானுங்களா?” என்பார்.

ஒருநாள் அவள் பின்பக்கம் தட்டடவு பழகிக்கொண்டிருந்தபோது எதேச்சையாகத் திரும்பினாள். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, அழுகின கத்தரிக்காயைக் கடித்த மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார் முனியன். கீழே பெருவிரல் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. அவள் பார்த்ததைப் பார்த்ததும், கரப்பான்பூச்சியை மிதிப்பதுபோல இன்னொரு காலைத் தூக்கி அதன்மேல் வைத்து அமுக்கிவிட்டார்.

அதே விரல்தான் இது. அம்பத்தூர் ஃபவுண்டரியின் கரி நகக்கண்ணில் ஏறி நிரந்தரமாகக் குடியிருந்தது. குதிகால் வெடிப்புகளில் ஒரு தெருவே குடித்தனம் பண்ணலாம். ஓர் ஈ அங்கே வந்து உட்கார்ந்து கையைத் தேய்த்தது. சாம்பிராணி, சாராயம், மழைக்கு ஊறிய சாக்கு எல்லாம் கலந்து ஒரு நாற்றம். பேபிக்குக் குமட்டியது. பெற்றவர் காலைத் தொடவே குமட்டுகிறதே என்று நினைத்தபோது இன்னும் குமட்டியது.

கட்டுவதற்குத் துணி கிடைக்கவில்லை. கைக்குக் கிடைத்தது சலங்கைக் கயிறுதான். மணிகளை உருவிப் பார்த்தாள். ஒன்று மட்டும் நூலில் இறுகிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அறுத்தெடுக்க நேரமில்லை. மனமுமில்லை.

அம்மா எல்லம்மா முடிச்சைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு சாமந்தி மாலையை இழுத்துக் கால்மேல் விட்டாள்.

“இதோ பாரு, திங்கக்கெழம டான்ஸ் பரீச்சையும் வாணாம், ஒரு மண்ணாங்கட்டியும் வாணாம்” என்றார் பூங்காவனம். “இனிமே இந்த ஊட்ல நான் சொல்றதுதான். எங்கண்ணனுக்கு புடிக்காதத நான் நடக்க வுடமாட்டேன்.”

அதற்குள் மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

மேளம் ஆரம்பித்ததுதான் தாமதம், பூங்காவனம் லுங்கியை மடித்துக்கட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு ஆடினார் பாருங்கள், தெருவிலிருந்த கோழியெல்லாம் வெள்ளானூர் பக்கம் ஓடிவிட்டன! வேர்வை வழிந்த தொப்பை ஒரு திசையில் ஆடியது, அவர் வேறொரு திசையில் ஆடினார். வாயிலிருந்து தெறித்த வெற்றிலைச் சாறு மேளக்காரரின் வெள்ளைச் சட்டையில் போய் அப்பியது.

பேபி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “இதுக்கு எத்தினி மார்க்கு சித்தப்பா?”

“இது சாவாட்டம்டி! மருவாதி!” என்று கத்திவிட்டு அவர் இன்னொரு சுற்று சுற்றினார்.

பாடை கிளம்பியது. பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள். மேளச் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழவில்லை.

சாயங்காலம் ஆண்கள் திரும்பினார்கள். வாசலில் வைத்திருந்த தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். பூங்காவனம் மட்டும் நின்றார். போதை இறங்கியிருந்தது. துண்டு முடிச்சை அவிழ்த்து, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் அந்த மணியை எடுத்து நீட்டினார்.

“சுடுகாட்டாண்ட கால்கட்ட அவுக்க சொல்லோ பாத்தேன். கழுவி எடுத்துக்கோ. திங்கக்கெழம ஒன்னு கொறையும்ல?”

பேபி வாங்கிக்கொண்டாள். அவர் துப்புவதற்கு வாயைக் குவித்தார். துப்பவில்லை. விழுங்கிக்கொண்டார்.

“வழீல ரயில்வே கேட்டு மூடிட்டான். மேளத்த நிறுத்திட்டானுங்க. நாந்தான் கால்பக்கம் தோள் குட்த்துகினு நின்னேன். கூட்ஸ் வண்டி வந்துச்சு. தர அப்டியே அதுருது. என் காதாண்டயே…”

சொம்புத் தண்ணீரைக் காலில் ஊற்றினார். ஏற்கெனவே கழுவிய கால்தான்.

“வண்டி முழுசா போற வரிக்கும் கேட்டுகினே இருந்தேன். தாளம் தப்பல பேபி.”