மட்சுமோட்டோவுக்கு வாக்கப்பட நினைத்தவள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. மட்சுமோட்டோ என்ற ஜப்பானிய நகரத்தின் புவியியல், வரலாறு பற்றி ஒரு பத்திரிகை ஆசிரியர் கட்டுரை கேட்டார். "நான் அங்க போனதில்லையே" என்றேன். "போனவங்க சாப்பாட்டைப் பத்தியே எழுதறாங்க. நீங்கதான் சரி" என்றார்.

எழுதினேன்: 'நாற்புறமும் மலைகள் காவல் காக்க, நடுவே அந்த நகரம்...'

(அடித்துவிட்டேன். மலை யாரையும் காவல் காப்பதில்லை. கொல்லிமலைக்காரனுக்கு இதுகூடத் தெரியாதா?)

கட்டுரை அங்கேயே படுத்துக்கொண்டது. பிறகுதான் எங்கள் மலையின் சோளக்காடு சந்தையில் சுமித்ராவின் சங்கதி காதில் விழுந்தது.

2

சுமித்ரா, மிளகு விவசாயி சின்னுசாமியின் மகள். புவியியல் படித்தவள்; நாமக்கல்லைத் தாண்டிப் போனதில்லை. மட்சுமோட்டோவில் ஒரு கம்பெனியில் வேலை செய்யும் முரளி பெண் பார்க்க வருகிறான் என்றார்கள். மாப்பிள்ளை போட்டோவை ஒருதரம் பார்த்தாள். ஊர்ப் படங்களை வாரம் பூராவும் பார்த்தாள்.

(இங்கே அவளுக்கு வெட்கம் வந்ததாக எழுதியிருந்தேன். வரவில்லை. வந்தது ஆசை. அதுவும் ஊர்மேல்.)

3

தனியாகப் பேசிக்கொள்ளட்டும் என்று இருவரையும் மிளகுக்கொடிப் பக்கம் அனுப்பினார்கள். அங்கே பேசியதை யாரும் கேட்கவில்லை. ஆகவே கதையில் நான் தைரியமாக எழுதும் இடம் இதுதான்.

"ஏனுங்க, மட்சுமோட்டோவுல இருக்கற அந்தக் கருப்புக் கோட்டையை ஒருகாலத்துல ஏலம் போட்டுட்டாங்களாமே? இடிக்க விடாம ஊர்க்காரங்க பணம் திரட்டிக் காப்பாத்துனாங்களாமே?"

"அப்படிங்களா?"

"அந்தச் சமவெளியே முன்னால ஏரியாம். ஒரு பையன் டிராகன் மேல ஏறிப் போயி மலையை உடைச்சுத் தண்ணியை வடிச்சானாம். கதையா சொல்றாங்க."

"எனக்குத் தெரிஞ்சது கம்பெனி, ரூமு, நடுவுல ஒரு பாலமுங்க. தை மாசம் குழாய்த்தண்ணி உறைஞ்சு போகும்."

"கோட்டைக்குப் போனதே இல்லீங்களா?"

"லீவுன்னா தூங்குவேனுங்க."

(முரளியைக் கேலி செய்ய வேண்டாம். ஆகாய கங்கை அருவியைப் பார்க்காத கொல்லிமலைக்காரர்கள் எத்தனையோ பேர். நான் உட்பட.)

அவன் குரலைத் தாழ்த்தினான். "ஊட்ல சொல்லிடாதீங்க. நான் திரும்பிப் போறதா இல்லீங்க. அந்தக் குளிர்ல பேச்சுத்துணைக்கு ஆளில்லாமப் பைத்தியம் புடிச்சுரும். இங்கயே நாலு ரூமு கட்டி டூரிஸ்டுக்கு விடப் போறேன். பேருகூட வெச்சாச்சு."

"என்னங்க பேரு?"

"மட்சுமோட்டோ ஹோம் ஸ்டே."

சுமித்ராவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. ஒரு வாரமாக அவள் குடியிருந்த ஊர் நாலு ரூமாகச் சுருங்கிவிட்டது.

4

முரளியின் அம்மா ருக்குமணி, ஆலத்தூர் நாடு என்கிற எங்கள் மலைப்பகுதி முழுக்க 'ஜப்பான்காரன் அம்மா' என்று பெயரெடுத்தவள். "மாப்பிள்ளையைப் புடிச்சிருக்குதா கண்ணு?" என்றாள்.

முடிவு அ: சம்மதிக்கிறாள். டூரிஸ்டுகளுக்குக் கோட்டை வரலாறு சொல்லியே கிழவியாகி...

முடிவு ஆ (பத்திரிகை ஆசிரியருக்குப் பிடித்தது): கோட்டை வாசலில் இருவரும் கைகோத்து...

இரண்டையும் சுமித்ரா ஏற்கவில்லை. ரகசியத்தைக் காப்பாற்றும் நல்ல பெண்ணாக அவளை வைத்து ஒரு பத்தி எழுதினேன். அதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"அவரு நல்லவருங்க. ஆனா கல்யாணம் வேண்டாம். அப்பா, இவரு விடப்போற வேலைக்கு எப்படி மனு போடறதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

"விடப்போற வேலையா?" ருக்குமணி காபியைக் கீழே வைத்தாள். முரளி தரையைப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்த சுமித்ராவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி வாங்கவில்லை.

எல்லாரும் சின்னுசாமியைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"........................"

(எனக்கு மகள் இல்லை. இருப்பவர்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்.)