அட்மின் எழுதியது

ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உருகித் தீர்ந்துபோன மெழுகுவத்தியை எடுத்துவிட்டு வேறொன்றை ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஆரோக்கியசெல்வியின் இடுப்பில் செருகியிருந்த போன் மறுபடியும் அதிர்ந்தது. அவளுடைய போன் இல்லை அது. பெட்டிக்குள் படுத்திருந்த அவள் புருஷன் அலெக்ஸின் போன்.

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு போனை எடுத்துப் பார்த்தாள். படத்தில் செஞ்சிப் பக்கத்துப் பையன் ஒருவன் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ‘அட்மின் அண்ணா, ஜல்தியா அப்ரூவ் பண்ணுங்க’ என்று கீழே எழுதியிருந்தான். விரல் தன்னால் அப்ரூவ் பட்டனை நோக்கிப் போனது. சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

“அந்த மீன் குரூப்புல சொல்லிட்டியாம்மா?” என்று கேட்டுக்கொண்டே சவுரிராயன் பக்கத்தில் வந்து நின்றார். அலெக்ஸின் அண்ணன். அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது. “நாலு மணிக்கு சாமியார் வந்துடுவாரு. வர்றவங்க வரட்டும். அதுங்களதான அவன் சொந்தமா நெனச்சிக்கினு இருந்தான்.”

“போட்டுடுறேன் மாமா.”

அலெக்ஸுக்குத் திண்டிவனத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் தூண்டில் ராடைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரி ஏரியாகப் போவான். புழு குத்திப் பிடிக்க மாட்டான். ரப்பர் தவளையைத் தண்ணீர்மேல் தாவவிட்டு விரால் பிடிப்பதுதான் அவனுக்குப் பைத்தியம். அப்படிப்பட்டவர்களுக்காகவே அவனும் வளவனூர் தேவநாதனும் சேர்ந்து ஃபேஸ்புக்கில் ‘விழுப்புரம் விரால் தூண்டில்’ என்று ஒரு குரூப் ஆரம்பித்தார்கள். வலை போட்டவன் படம் போடக்கூடாது. தண்ணீரில் கரண்டு விட்டுப் பிடித்தவனைப் பார்த்தால் உடனே வெளியே தள்ளு. குஞ்சுகளோடு சுற்றும் விராலைத் தொடாதே. யாரிடமும் எந்த ஏரி என்று கேட்காதே. இவையெல்லாம் அலெக்ஸ் வைத்த சட்டங்கள். யார் எதைப் போட்டாலும் அவன் பார்த்து அனுமதித்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியும்.

கிட்னி போனபிறகு வாரத்தில் இரண்டு நாள் விழுப்புரத்தில் டயாலிசிஸ். ஒரு கையில் ஊசி குத்தி அசையாமல் வைத்திருப்பார்கள். மற்றொரு கைக்குப் போனைப் பிடிக்கிற தெம்பில்லை. அவன் சொல்லச் சொல்லப் பக்கத்தில் உட்கார்ந்து அவள்தான் தட்டுவாள். ‘சூப்பர் கேட்ச் தம்பி.’ ‘வயித்துல முட்டை இருந்துச்சின்னா விட்டுடு தலைவா.’ கொஞ்ச நாளில் அவன் சொல்வதையும் நிறுத்திவிட்டான். “நீயே பாத்து போடு செல்வி” என்று கண்ணை மூடிக்கொள்வான். அவளும் போட்டாள். சண்டை போட்டவர்களைச் சமாதானம் செய்தாள், கெட்ட வார்த்தை எழுதியவனைக் குரூப்பிலிருந்து தூக்கினாள். வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் எல்லாரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தவளுக்கு அங்கே மட்டும் ஒரு சொல்லுக்கு மரியாதை இருந்தது. அண்ணா, அண்ணா என்றார்கள். அது பிடித்தும் இருந்தது.

பெஞ்சு ஓரமாக உட்கார்ந்து தட்டினாள். ‘நான் அலெக்ஸ் வீட்டுக்காரி ஆரோக்கியசெல்வி. அவரு நேத்து சாயங்காலம் ஆஸ்பத்திரியில இறந்துட்டாரு. அடக்கம் இன்னைக்கு நாலு மணிக்கு, கிளியனூர்.’ மேலே அவன் பெயரும் சிரித்த முகமும் இருக்க, கீழே அவனே எழுதியதுபோல் அது நின்றது.

கண்ணீர் விடும் முகங்கள் குவிய ஆரம்பித்தன. நடுவில் ஒருவன் எழுதியிருந்தான்: ‘நேத்து காலையிலகூட என் மீனுக்கு சூப்பர் கேட்ச்னு போட்டாரே அண்ணன். கடைசி நாள்லயும் நம்மள மறக்கல.’ அதற்குக் கீழே இன்னும் பத்துப் பதினைந்து பேர் அதையே சொல்லிச் சொல்லி அழுதிருந்தார்கள்.

நேற்றுக் காலையில் அலெக்ஸுக்கு நினைவே இல்லை. மூக்கில் குழாயோடு கிடந்தான். வராந்தாவில் உட்கார்ந்து, டாக்டர் கூப்பிடும் வரைக்கும் வேறு என்ன செய்வதென்று தெரியாமல், அவள்தான் அதை எழுதினாள். போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மத்தியானத்துக்குமேல் பைக்குகள் வந்தன. வெயிலில் கறுத்த முகங்கள், தொப்பிகள். பெரிய ரோஜா மாலை ஒன்றை நான்கு பேராகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களில் மூத்தவரான திண்டிவனம் சக்கரபாணி, சவுரிராயனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இம்மா வியாதிய வச்சிக்கினு ஒரு நாள் தவறாம எல்லாருக்கும் பதில் சொன்னாருங்க. முன்னாடியெல்லாம் கொஞ்சம் கோவக்காரரு. கடைசி ஆறேழு மாசம் அப்படி ஒரு பொறுமை. என் மச்சான் குடிச்சிட்டு ஏதோ எழுதிட்டான், அவனுக்குத் தனியா புத்தி சொல்லி எழுதியிருந்தாரு பாருங்க... அவன் இப்ப குடிக்கறதேயில்ல.”

சவுரிராயன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். தம்பியைப் பற்றி யாரோ நல்லது சொல்வது அவருக்கு வேண்டியிருந்தது. செல்வியின் மகள் ஜெனிட்டா பெரியம்மாவின் மடியில் இருந்து தலையைத் தூக்கி, “எங்கப்பாவா?” என்றாள். சக்கரபாணி ஆமாம் என்றார். செல்வி பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

அப்போதுதான் தேவநாதனைப் பார்த்தாள்.

சாமியானாவுக்குள் வராமல் ரோட்டோரத்தில், பைக்குப் பக்கத்தில், ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் அதே இடத்தில் வண்டியை நிறுத்தி, “தங்கச்சி, ஒரு டீ” என்று சத்தம் போட்டுக்கொண்டே உள்ளே வருகிறவன். இப்போது இளைத்திருந்தான். வரலாமா என்று கேட்பதுபோல அவளைப் பார்த்தான். அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

சவுரிராயன் பார்த்துவிட்டார். “வாப்பா தேவா” என்றார் சத்தமாக. “இப்பதான் வழி தெரிஞ்சிச்சா?”

தேவநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

“வாரா வாரம் கேப்பான். தேவா வந்தானா, தேவா போன் பண்ணானான்னு. வளவனூரு இன்னா சீமையிலயா கீது? கூட மீன் புடிக்கறதுக்கு மட்டும் அவன் வேணும். படுத்துட்டா வேணாமா?”

பாட்டு பாடிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். மீன் குரூப்காரர்களில் ஒருவன் பக்கத்திலிருந்தவன் காதில், “அட்மினே இவர குரூப்புல இருந்து தூக்கிட்டாருடா, இன்னா சண்டையோ” என்றது செல்விக்குக் கேட்டது. தேவநாதனுக்கும் கேட்டிருக்கும்.

அவன் சொல்லியிருக்கலாம். போனை எடுத்துக் காட்டியிருக்கலாம். பெட்டிக்குள் கிடந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“வர முடியலண்ணே” என்றான். “தப்புதான்.”

செல்வி வாயைத் திறந்தாள். அதற்குள் பெண்கள் பாட்டை எடுத்துவிட்டார்கள்.

தேவநாதன் கடைசியாக வீட்டுக்கு வந்தது மழைக்காலம் முடிந்த சமயம். டயாலிசிஸ் இல்லாத ஒரு நாள் கார் எடுத்துக்கொண்டு வந்தான். வீட்டுக்குள்ளேயே கிடக்கிறானே, ஒரு சுற்று காற்றாட அழைத்துப் போகிறேன் என்றான். கூட்டேரிப்பட்டில் டீ குடித்துவிட்டு வீடூர் அணைக்குப் போயிருக்கிறார்கள். அளந்து குடிக்க வேண்டிய தண்ணீரை அலெக்ஸ் அங்கே கணக்கில்லாமல் குடித்திருக்கிறான். தேவநாதன் வீட்டில் விட்டுவிட்டுப் போனபின், பொழுது சாய்வதற்குள் அலெக்ஸுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. விழுப்புரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைப்பானா என்று தெரியாமல் அவள் ஐசியூ வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தப் படம் அனுமதிக்காகப் பெண்டிங்கில் வந்து விழுந்தது. அலெக்ஸை ஆஸ்பத்திரியில் சேர்த்தது தெரியாமல் தேவநாதன் வீட்டிலிருந்து போட்டிருந்தான். ‘எங்க அட்மின் திரும்பி வந்துட்டாரு.’

அணைக்கரையில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து ராடைப் பிடித்தபடி அலெக்ஸ் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். வீட்டில் அவன் அப்படிச் சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அவள் சோறு ஊட்டினாள், மலஜலம் எடுத்தாள், நகை விற்றாள். அவளைப் பார்த்து அவன் அப்படிச் சிரிக்கவில்லை.

படத்தை அழித்தாள். பிறகு அலெக்ஸாக எழுதினாள். ‘உன்னாலதான் எனக்கு இந்த நெலம. இனிமே என் மூஞ்சில முழிக்காத. போனும் பண்ணாத.’ அனுப்பிவிட்டுக் குரூப்பிலிருந்து தூக்கினாள். நம்பரையும் பிளாக் செய்தாள். அப்போது மனசு ஆறினமாதிரி இருந்தது.

அலெக்ஸ் அந்தத் தடவை பிழைத்துவிட்டான். வீட்டுக்கு வந்து நாலைந்து நாளில், “தேவா ஏன் செல்வி வரல?” என்று கேட்டான். “அவருக்கு இன்னா வேலையோ” என்றாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். அதற்கப்புறம் அவன் கேட்கும்போதெல்லாம் சொல்வது இன்னும் கஷ்டமானது. ஒரு நாள் புதுப்பெயரில் ஒரு ஐடி குரூப்புக்குள் வந்தது. அதிலிருந்து மீன் படம் எதுவும் இல்லாமல் ஒரு போஸ்ட் பெண்டிங்கில் நின்றது. ‘அலெக்ஸு, தப்பு என்னுதுதான். ஒரே ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போயிடுறேன்டா.’ பக்கத்துக் கட்டிலில் அலெக்ஸ் விழித்துக்கொண்டுதான் இருந்தான். அவள் அதை நிராகரித்துவிட்டு, அவனுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள்.

நான்கு மணிக்குப் பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். உடலைச் சவப்பெட்டிக்கு மாற்றி மூடினார்கள். தூக்குவதற்குச் சவுரிராயன் முன்பக்கம் குனிந்தார். தேவநாதன் வந்து எதிர்ப்பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தான்.

“நீ உடு” என்றார் சவுரிராயன்.

“அண்ணே...”

“உடுப்பா. இருக்கும்போது புடிக்காத கை இப்ப எதுக்கு? சக்கரபாணி, நீங்க வாங்க.”

தேவநாதன் கையை எடுத்துக்கொண்டான். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டையில் துடைத்தான். எல்லாரும் பார்த்தார்கள். செல்வி இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். ‘மாமா, அவரு தூக்கட்டும்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும். ஏன் என்று கேட்பார். இந்த ஊரும், மகளும், மாலை வாங்கிவந்த இத்தனை பேரும் சுற்றி நிற்கும்போது கேட்பார். அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகைக்குள் ஒளிந்துகொள்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தது.

கல்லறைக்கு அதிக தூரமில்லை. ஜெபம் முடிந்து எல்லாரும் வரிசையாக வந்து ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். தேவநாதன் கடைசியில் வந்தான். மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தான். போட்டுவிட்டு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வாசலைப் பார்த்து நடந்தான்.

செல்வி தன்னைப் பிடித்திருந்த ஓரகத்தி அம்சவள்ளியின் கையை விடுவித்துக்கொண்டாள். “தோ வந்துடுறேன்க்கா” என்றாள். கேட்டுக்கு வெளியே அவன் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்.

“அண்ணே.”

திரும்பினான். “இன்னா தங்கச்சி. நீ எதுக்கு இங்க வந்த? உள்ள போ.”

“அத அவரு எழுதல.”

அவனுக்குப் புரியவில்லை.

“மூஞ்சில முழிக்காதன்னு வந்துச்சே. நான் எழுதுனது. அவருக்குத் தெரியாது. நான்தான் உங்கள தூக்குனேன்.”

தேவநாதன் அவளையே பார்த்தான். கல்லறைக்குள்ளிருந்து மண்வெட்டிச் சத்தம் வந்தது.

“பொறவு நான் வேற ஐடில எழுதுனேனே” என்றான் மெதுவாக. “அது?”

“அதையும் நான்தான் தள்ளுனேன். அவரு பக்கத்துலதான் படுத்துக்கினு இருந்தாரு. காட்டல.”

“அவன் கேட்டான்னு அண்ணன் சொன்னாரே...”

“கேட்டுக்கினேதான் இருந்தாரு. நெனவு போறதுக்கு மொத நாளுகூட கேட்டாரு.”

அவன் திட்டுவான் என்று நினைத்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. சவுரிராயனைக் கூப்பிட்டு அத்தனை பேர் முன்னாலும் சொன்னாலும் நின்று கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது. அவன் சாவியை எடுத்து வண்டியில் செருகினான். திருப்பவில்லை.

“நான் அவன் கோவத்துலயே போயிட்டான்னு நெனச்சேன்” என்றான். “கோவம்னா பரவால்ல தங்கச்சி. என்னோட கோச்சிக்க அவனுக்குப் பாத்தியத இருந்திச்சி.” கல்லறைப் பக்கம் திரும்பினான். “ஆனா அவன்... நான் மறந்துட்டேன்னு இல்ல நெனச்சிக்கினு போயிருப்பான்.”

மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று வழியெல்லாம் சேர்த்துவைத்த சொற்கள் இப்போது வாயில் வைக்கவே கூசின. நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு முன்கண்ணாடியை இறக்கிவிட்டான். வண்டி கிளம்பியது.

பின்னால் அம்சவள்ளி வந்து தோளைத் தொட்டாள். “இங்க இன்னாடி பண்ற? எல்லாரும் உன்னத் தேடிக்கினு கீறாங்க. இன்னா சொல்லிட்டுப் போறான் அவன்?”

“அவரு ஒண்ணும் சொல்லலக்கா” என்றாள். “நான்தான் சொன்னேன். மாமாகிட்டயும் ஒண்ணு சொல்லணும்.”

“இன்னாத்த?”

செல்வி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் புறப்பட்ட தேவநாதன், கொஞ்ச தூரத்திலேயே கடலைச்செடி அடர்ந்த மல்லாட்டைக் கொல்லை ஓரமாக வண்டியை ஒதுக்கி நிறுத்தியிருந்தான். இறங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. இரண்டு காலையும் தரையில் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தான். பாண்டிச்சேரி பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டே அவனை ஒட்டிப் போனது. அவன் அசையவில்லை. ஒதுங்குவதற்காகப் போட்ட இண்டிகேட்டரை அணைக்காமல் விட்டிருந்தான். அந்த மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.