சூறாவளிச் சித்தப்பாவின் சிரிப்பிதழ்

ஜூன் 14. அப்பாவுக்குப் போட எடுத்துவந்த ஷூ இரண்டுமே இடக்கால். எடுத்துவந்தது மகள்; தவறு அவளுடையதுதான். திரும்ப மாடியேறி வலக்காலைத் தேடி எடுத்துவந்தபோது, கூடத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவின் சவப்பெட்டி திறந்திருந்தது. அப்பாவோடு பஸ் பணிமனையில் வேலை பார்த்த ஃபோர்மேன் கையை முறுக்கி நடித்துக் காட்டினார்.

"சூறாவளிச் சித்தப்பா விட்டாரு பாரு ஒரு குத்து, டமால்! திருடன் சுவத்தப் பேத்துக்கிட்டு வெளிய! இதச் சொல்லிச் சொல்லியே எங்க வயித்தப் புண்ணாக்கிடுவான் உங்கப்பன்."

வீட்டில் அப்பா சொல்லிக் காட்டியதில்லை. செய்து காட்டுவார். 'டமால்' என்று கத்திக்கொண்டே அம்மாவை அறைவார். அம்மா அலமாரியில் மோதி விழுந்தால், "நட்சத்திரம் தெரியுதா?" என்று கண்ணில் நீர் வரச் சிரிப்பார். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, நாற்பது வருஷம் பழைய அந்தப் படக்கதை இதழைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுப்பார். அதில் அசட்டுத் திருடர்களும் அவர்களை வெளுக்கும் சூறாவளிச் சித்தப்பாவும். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது.

இப்போது அண்ணன் உறையைப் பிரித்து இதழை எடுத்துவந்தான்.

"நெஞ்சு மேல வைக்கலாம். அவரு உசுரே இதுலதான இருந்துச்சு."

"வேண்டாம்ணா."

"நீ யாருடி சொல்றதுக்கு? ஈவினிங் காலேஜ் போறோம்னு பெரிய இவளா?"

"அம்மாகிட்ட கேளு. அவங்க சொன்னா வை."

அறை விழுந்தது. பல் உதட்டைக் கிழித்தது. ஒரு சொட்டு ரத்தம் அட்டையில், சித்தப்பாவின் மஞ்சள் அங்கி மேல் தெறித்தது.

"ஐயோ, புக்கு!"

அண்ணன் சட்டை நுனியால் அட்டையை ஒற்றினான், மெல்ல, ஓரம் மடங்காமல். அவளை அவன் பார்க்கவேயில்லை. சிரிப்பு நின்றுவிட்டது. ஃபோர்மேன் நீட்டியிருந்த முஷ்டியைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

அம்மா எழுந்து வந்து இதழை வாங்கினாள். கை கழுவவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"இந்தத் திருடன் இந்த அடி வாங்கறானே, அப்புறம்?"

"அடுத்த கட்டத்துல எழுந்து ஓடுவாம்மா. தலையில கட்டோட," என்றான் அண்ணன்.

"எல்லாக் கதையிலயுமா?"

"எல்லாத்துலயும்."

அம்மா அந்தப் பக்கத்தைக் கிழித்தாள். அண்ணன் கையை ஓங்கினான்.

"அடிடா. உங்கப்பா இங்கதான் படுத்திருக்காரு, பாக்கட்டும்."

அம்மா நகரவில்லை. ஓங்கிய கை அப்படியே நின்றது, பிறகு இறங்கியது.

அம்மா தாளைக் கசக்கி மகளின் உதட்டில் வைத்து அழுத்தினாள். பழைய தாள், ரத்தத்தை உடனே குடித்தது. இன்னொன்றைக் கிழித்தாள்.

நாளை: பத்து மணிக்கு அடக்கம். அம்மாவின் வலப்பக்கம் நிற்க வேண்டும். இடக்காதில் சொன்னால் கேட்காது.