ஆஸ்பரி வாசித்துக் காட்டிய கடிதங்கள்

கெட்டூராவும் நானும் ஓஹையோவில் ஒரு காகித ஆலையில் கந்தல் கிழித்துக்கொண்டிருந்தோம். மேஜையில் செங்குத்தாக நிற்கும் கத்தியில் பழந்துணியை இழுத்து, பொத்தானையும் தையலையும் நீக்கிக் கூடையில் போட வேண்டும். அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் அடிமை முறைக்காகப் போரிட்ட காலம். குண்டு துளைத்த சட்டைகளும் வரும். அவற்றையும் கிழிப்போம்.

அவள் கென்டக்கியில் அடிமையாக இருந்து தப்பி வந்தவள். அவள் புருஷன் லைமன் அடுத்த வருஷம் தப்பி, நேரே வடக்கின் கறுப்பர் படையில் போய்ச் சேர்ந்துவிட்டான். அடிமைகளின் கல்யாணத்தை யார் பதிவு செய்து வைத்தார்கள்? சர்ச் ஆட்கள் மூலம் அவள் இருக்கும் இடம் அறிந்து, படையில் யாரையோ எழுதச் சொல்லிக் கடிதம் போட்டான். அவனுக்கும் எழுதத் தெரியாது, இவளுக்கும் படிக்கத் தெரியாது.

ஆலை வாசலில் செய்தித்தாள் விற்கும் ஆஸ்பரிதான் வாசித்துக் காட்டுவார். கால் ஊனமானவர், பெரிய குரல்.

"'அன்புள்ள என் மனைவி கெட்டூராவுக்கு...'"

"அந்த முதல் வரிய இன்னொருக்கா படிங்கண்ணே."

"நீ என்னை இன்னைக்குப் பேப்பர் விக்க விடுவியா மாட்டியாம்மா?" என்பார். ஆனாலும் படிப்பார்.

நான்கு கடிதங்கள் வந்தன. ஐந்தாவதை லைமனின் தோழன் எழுதியிருந்தான். காய்ச்சலில் போய்விட்டானாம். அன்று வடக்கின் வெற்றிச் செய்தி. ஆஸ்பரியின் தாள்கள் காலையிலேயே விற்றுத் தீர்ந்திருந்தன.

போர் முடிந்ததும் படைவீரர்களின் விதவைகளுக்கு உதவித்தொகை என்றார்கள். கெட்டூரா மனு கொடுக்க, நானும் கூடப் போனேன். அதிகாரி லைமன் அனுப்பிய நான்கு கடிதங்களையும் பொறுமையாகப் படித்தார்.

"நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து வாழ்ந்ததைப் பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?"

"எல்லாரையும் தெற்கே வித்துட்டாங்கய்யா. எங்க இருக்காங்கன்னே தெரியாது. அதான் கடிதம் இருக்கே. முதல் வரியப் பாருங்க."

"'அன்புள்ள தோழி கெட்டூராவுக்கு.' நாலுலயும் அப்படித்தாம்மா இருக்கு. மனைவின்னு எங்கயுமே இல்லையே."

கடிதங்களை மனுவோடு சேர்த்துக் கட்டி வைத்துக்கொண்டார்.

அவள் நேரே ஆலை வாசலுக்கு நடந்தாள். ஆஸ்பரி அவள் முகத்தைப் பார்த்ததுமே கையிலிருந்த தாள்களைக் கீழே வைத்தார்.

"எழுதிக் கொடுத்தவன் எல்லாருக்கும் எழுதுற மாதிரியே எழுதிட்டான்மா. நீ அப்படி ஆசையா நின்னே. தோழின்னு படிக்க எனக்கு வாய் வரல."

"அந்த ஒரு வரிதானா?"

அவர் கீழே வைத்த தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

"சாயங்காலமானா உன் நெனப்புதான்னு எழுதியிருந்தாரே? அது?"

ஆஸ்பரி குனிந்துகொண்டார். "உடம்பு நல்லாருக்கு, ரொட்டி கெட்டியா இருக்கு, குளிருதுன்னு இருந்துச்சு. அவ்வளவுதான்மா."

தானே வந்து சாட்சி சொல்வதாக அழுதார். சொல்லவும் சொன்னார். ஆனால் அவர் லைமனைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. மனு தள்ளுபடியாயிற்று. கடிதங்களையாவது திருப்பிக் கேட்டோம். அவை இனி அரசாங்கக் காகிதம் என்றார்கள்.

அதன்பிறகு கெட்டூரா ஆலையின் பின்வாசல் வழியாகத்தான் வருவாள்.

ஒருநாள் கத்தியில் துணியை இழுத்தபடியே கேட்டாள்: "அவரு என்ன நெனச்சு அந்தக் கடிதங்கள அனுப்பினாரு? உனக்கு ஏதாச்சும் தோணுதா?"

எனக்கு எதுவும் தோன்றவில்லை. அப்படியே சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாமோ என்று இப்போது நினைக்கிறேன்.

கந்தல் தூசி அவள் நெஞ்சைப் பிடித்தது. அதன்பின் வந்த இரண்டாவது குளிர்காலத்தை அவள் தாண்டவில்லை. அடுத்த திங்களன்று அவள் மேஜைக்கு வேறொருத்தி வந்தாள்.