கொத்தனார் அடுக்கிய ஜாம் பெட்டிகள்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது கதையாகத் தொடங்கவில்லை. என் அக்கா ஜாம் தயாரிக்கிறாள். அதை வாங்கிக் கடைகளுக்கு அனுப்பும் விநியோக நிறுவனம், பெட்டியை எப்படி அடுக்க வேண்டும், லேபிளை எந்தப் பக்கம் காட்ட வேண்டும் என்று பக்கம் பக்கமாக விதிகள் வைத்திருக்கிறது. முதல் லோடு திரும்பி வந்த கையோடு அக்கா என்னைப் பிடித்தாள்.

“நீதான் பெரிய எழுத்தாளனாச்சே. நம்ம ஷெட்ல இருக்கறவங்களுக்குப் புரியற மாதிரி இத எழுதிக் குடுடா.”

உட்கார்ந்தேன். மூன்றாம் விதியிலேயே மாமா எழுத்துக்குள் வந்துவிட்டார். மாமா என்றால் அக்காவின் கணவர்.

2.

முதல் வரிக்கான முயற்சிகள்:

‘பேலட் என்பது பெட்டிகளை அடுக்கும் மரத்தட்டு, அதன் அடியில் ஃபோர்க்லிஃப்ட்டின்...’ (பாடப்புத்தகம். வேண்டாம்.)

‘அந்த மரத்தட்டின் மேல் ஒரு மனிதனின் மானம் ஏறி...’ (கொஞ்சம் ஓவர். ஆனால் பொய்யில்லை.)

‘மாமா ஒரு கொத்தனார்.’

இதுவே இருக்கட்டும்.

3.

மாமா ஒரு கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து முட்டி போனதிலிருந்து அவரால் உயரம் ஏற முடியாது. பெண்டாட்டியின் ஷெட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்ற எண்ணம் அவரை அரித்தது. [இந்த இடத்தில் அவரை அழவைக்கப் பார்த்தேன். பாத்திரம் ஒத்துழைக்கவில்லை.] முதல் லோடு கிளம்பியபோது அடுக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். செங்கல் சுவர் எழுப்புவது போல, கீழே இரண்டு பெட்டிகள் சேரும் இடத்தின் மேல் அடுத்த பெட்டி உட்காரும்படி, வரிசைக்கு வரிசை திருப்பித் திருப்பி வைத்தார். நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. தள்ளி நின்று பார்த்துவிட்டு, “இடியே விழுந்தாலும் அசையாது” என்றார்.

அசையவில்லைதான். ஆனால் அடிவரிசை நசுங்கிவிட்டது. திருப்பி வைத்த பெட்டிகளின் லேபிள்கள் உள்பக்கம் போய் ஒளிந்துகொண்டதால், தயாரித்த தேதியையும் காலாவதித் தேதியையும் யாராலும் படிக்க முடியவில்லை. இன்னொரு முறை இப்படி வந்தால் உங்கள் சரக்கே வேண்டாம் என்று சொல்லி லோடைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

4.

இதை அக்கா அவரிடம் எப்படிச் சொன்னாள் என்பதைப் பலவிதமாக எழுதி அடித்தேன். கடைசியில் அவளையே கேட்டேன். “இதுல என்ன இருக்கு? நேராத்தான் சொன்னேன்” என்றாள்.

“என்னங்க, நீங்க கட்டினது சுவரு. இது அட்டைப்பெட்டி. இதுக்கு பலமெல்லாம் நாலு மூலையிலதான். மூலைமேல மூலை உக்காரணும்.”

“எனக்கே அடுக்கச் சொல்லித் தரியா?”

“ஆமா. நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா?”

மாமா ஒரு காலிப் பெட்டியை மூடி வைத்து நடுவில் அமுக்கினார். பள்ளம் விழுந்தது. மூலையில் அமுக்கினார். தாங்கியது. “அட போடா!” என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னார்.

பிறகு எல்லாவற்றையும் பிரித்து, புதுப் பெட்டிகளோடு முதலிலிருந்து தொடங்கினார். மூலைமேல் மூலை. பேலட்டின் விளிம்பைத் தாண்டி ஒரு பெட்டியும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. லேபிள் எல்லாம் வெளிப்பக்கம். பெட்டிகளையும் மரத்தட்டையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கும்படி பிளாஸ்டிக் ஃபிலிம். நான்கு மூலையிலும், சுவரின் நேர் பார்க்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் சரிபார்த்தார்.

(அடிக்குறிப்பு: தூக்குக்குண்டு எந்த விதியிலும் இல்லை. அது மாமாவின் சொந்தச் சரக்கு.)

ஒரு வரியை அடிப்பதற்கே எனக்கு உயிர் போகிறது. இந்த மனிதர் ஊரே பார்க்கத் தன் சுவரைப் பிரித்துவிட்டு மறுபடி அடுக்குகிறார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதைப் பூசி மெழுகாமல் சொல்கிறேன்.

5.

முடிவு அ: சரக்கை ஏற்றுக்கொள்கிறார்கள், எல்லோரும் கைதட்ட...

முடிவு ஆ: மறுபடியும் திருப்பி அனுப்ப, மாமா தன் கொத்துக்கரண்டியை...

அக்கா இரண்டையும் படித்தாள். “ரெண்டுமே சினிமாவா இருக்கேடா” என்றாள். சரி, நான் கண்ணால் பார்த்தவரை சொல்கிறேன்.

விநியோக நிறுவனத்தின் சரக்கு இறக்கும் மேடையில் அவர்களுடைய பரிசோதகர் பேலட்டைச் சுற்றி வந்தார். லேபிள்களைப் படித்தார். உள்ளங்கையால் தள்ளிப் பார்த்தார். குனிந்து அடிவரிசையைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

“இத அடுக்கினது யாரு?”

பாராட்டா, பழியா? குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. எதுவானாலும் தன் தலையில் போட்டுக்கொள்ள அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் மாமா முட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

“நான்தாங்க.”

பரிசோதகர் என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும், மாமா அதை அந்த இடத்தில் நின்றுதான் கேட்டார்.